நிறுத்தாதே!

கறுப்பு ஹெல்மெட் மறுபடியும் சைடு மிரரில் தெரிந்ததும் அவள் கணவனுக்குப் போன் போட்டாள். மேம்பாலம் ஏறும்போது பின்னால் இருந்தவன், இறங்கும்போதும் பின்னால்தான் இருந்தான்.

"ஏங்க, ஒருத்தன் பைக்ல என் பின்னாடியே வர்றான். ஹாரனா அடிக்கிறான். கையைக் கையைக் காட்டி நிறுத்தச் சொல்றான்."

போன் ஸ்பீக்கரில் கணவன் சிரித்தான். "பயந்தாங்கொள்ளி, ஆரம்பிச்சிட்டியா? அவன் வழியில அவன் போறான். நீ உன் வழியில போ."

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இன்று காலை கண்ணாடிக் கடையிலும் அந்தப் பெயரைக் காப்பாற்றிவிட்டுத்தான் வந்தாள்.

காரின் முன் கண்ணாடியில் கல் தெறித்துச் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு விரிசல். "இதுக்குப் போய் எதுக்கும்மா மாத்தணும்? பசை ஏத்தி அடைச்சிடலாம்" என்றார் கடை முதலாளி.

"அப்புறம் பெருசாயிட்டா?"

"ஆகாதும்மா."

"ஆயிட்டா? குழந்தை இருக்கிற வண்டி சார். ஒடைஞ்சு உள்ள விழுந்தா?"

முதலாளி கும்பிடு போடாத குறை. சரி, புதுசே போட்டுவிடலாம் என்றார். மதியம் அவள் போனபோது வேலையில் இருந்தவன் சாப்பிடப் போயிருந்தான். "பொண்ணுக்கு ஸ்கூல் விட்டுடும் சார், அந்தப் பெரிய ஸ்கூல்தான், சீக்கிரம்" என்று அவள் பறந்த பறப்பில், முதலாளியே கண்ணாடியைத் துடைத்துச் சாவியை நீட்டினார். "பாருங்க, கண்ணாடி இருக்கறதே தெரியல!"

இப்போது பின் சீட்டில் மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த ஹெல்மெட்.

"இல்லீங்க, அவன் ஸ்கூல் வாசல்லயே இருந்தான். ஒவ்வொரு காரா முன்னாடி போய் நின்னு உத்து உத்துப் பாத்துட்டிருந்தான். என் காரைப் பாத்ததும் பைக்கை எடுத்துட்டான்."

கணவனின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஸ்கூல்லேருந்தேவா? கதவெல்லாம் லாக் பண்ணு. எது நடந்தாலும் எங்கயும் நிறுத்தாதே. போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரா விடு. வேகமாப் போ!"

எப்போதும் கிண்டல் பண்ணுகிற மனுஷனே பயந்துவிட்டார் என்றதும் அவள் நாலு கதவையும் பூட்டினாள். பேச்சுக்கு நடுவே போன் வேறு பீப் பீப் என்றது.

"ஏதோ தெரியாத நம்பர். வந்துட்டே இருக்கு."

"எடுக்காதே. அவன் ஆளுங்களாத்தான் இருக்கும்."

என் நம்பர் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அவள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு வேகமாக அவள் வண்டி ஓட்டியதே இல்லை.

"அம்மா, கார் விசில் அடிக்குது" என்றாள் மகள்.

"பேசாம உக்காரு கண்ணு."

விசில் என்னவோ அடித்துக்கொண்டுதான் இருந்தது. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. ஆனால் அவள் காதில் விழுந்ததெல்லாம் பைக்கின் ஹாரன் மட்டும்தான்.

பைக் பக்கத்தில் வந்தது. அவன் ஒரு கையால் கதவுக் கண்ணாடியைப் பட் பட்டென்று தட்டி எதையோ கத்தினான். அவள் ஸ்டீயரிங்கை ஒடித்தாள். பைக் சரளையில் சறுக்கி, விழப் பார்த்து, நிமிர்ந்து, மறுபடி துரத்தியது. இப்படி உயிரைக் கொடுத்துத் துரத்துகிறான் என்றால் இவனுக்கு வேண்டியது என்ன? குழந்தையா?

வளைவைத் தாண்டியதும் எதிரே ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்தாதே!" என்று அலறியது போன்.

நிறுத்தாமல் என்ன செய்ய? பிரேக்கில் ஏறி நின்றாள். கார் குலுங்கி நின்றபோது முன்னால் எங்கோ 'கடக்' என்றது. என்னவென்று பார்க்க நேரமில்லை. பின்னால் பைக் தொப்பென்று விழும் சத்தம், ஓடிவரும் காலடி.

கதவைப் பிடித்து இழுப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் கதவுப் பக்கமே வரவில்லை. ஒரே தாவலில் பானட் மேல் ஏறி, இரண்டு கைகளையும் விரித்து, முன் கண்ணாடியை மறைத்துக் குப்புறப் படுத்துவிட்டான்.

அவள் வீலென்று கத்தினாள். மகளும் அழ ஆரம்பித்தாள். கியரைப் போட்டு கேட்டோடு இவனையும் சேர்த்து இடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடலாமா என்று அவள் கை கியருக்கே போய்விட்டது.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான். வேர்த்து வடிந்த அந்த முகத்தைப் பார்த்து அவள் கை நின்றது. அவளைவிட அவன்தான் அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தான். நடுவில் எதுவுமே இல்லாததுபோல் அவன் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

"அசைக்காதீங்கம்மா! கண்ணாடிய அளவு பாக்க சும்மா வெச்சுட்டு சாப்பிடப் போனேன்... இன்னும் பசையே போடல!"