பதினாறு முக விளக்கு

உருகிய வெண்கலத்தை வைத்திலிங்கம் அச்சுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் கொளஞ்சி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு வருகிறாள் மகள். கடலூர் லூர்துசாமியைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து, அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்.

"அப்பா, அவருக்கு வடக்க பிலாய் உருக்காலைல வேல கெடச்சிருக்கு. சாயங்காலம் கெளம்புறோம்."

வெண்கலம் உருக்கிய மூசையைக் குறட்டில் பிடித்தபடி அவர் குனிந்தே இருந்தார். பாதியில் கை நின்றால் வெண்கலம் ஆறிப்போய் விளக்கில் கோடு விழுந்துவிடும்.

சாதாரண விளக்கா அது! அண்ணாமலை நகர் பேராசிரியர் ஒருவர் புத்தகத்தில் படம் காட்டிச் செய்யச் சொன்னது. இத்தாலி தேசத்தில் எத்ருஸ்கர் என்று ஒரு ஜனம் இருந்ததாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். சுற்றிலும் பதினாறு முகம் வைத்துக் கூரையில் தொங்கவிடுவார்களாம். அவர்களும் மெழுகில் உருப்பிடித்து, மண் பூசி, சுட்டு, மெழுகு ஓடிய இடத்தில்தான் வெண்கலம் ஊற்றினார்களாம். முகம் தெரியாத அந்த மனுஷர்களைச் சொந்தக்காரர்கள் மாதிரி நினைத்துச் சந்தோஷப்பட்டார் வைத்திலிங்கம்.

பெற்ற மகள் பின்னால் காத்திருந்தாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை சிணுங்கியது. அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போனது.

அச்சை உடைத்தபோது விளக்கில் ஒரு கோடு இல்லை. பேராசிரியர் தடவித் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

பிலாயிலிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், ஊற்றும்போது எப்படித் திரும்ப முடியும், அவளுக்கே தெரியுமே என்று சொன்னார். சிதம்பரம் ஊரே தலையாட்டியது. மனைவி தைலம்மாளும் நம்பினாள்.

பொய். குழந்தை சிணுங்கியபோதே மூசை காலி. பாழாய்ப்போன வீம்பு. வெறும் மூசையைச் சாய்த்துப் பிடித்தபடி, கை கடுக்கக் கடுக்க, அவள் போகும்வரை நின்றிருந்தார்.

அவருக்கு மட்டும் தெரிந்த பொய்யாக இருந்தால்கூட எப்படியோ காலத்தை ஓட்டிவிடுவார்.

ஆனால் கொளஞ்சி அந்தப் பட்டறையிலேயே வளர்ந்தவள். அச்சுக்குள் வெண்கலம் இறங்குகிற களக் களக் சத்தம் அடங்கியதும், பத்து வயசிலேயே, எங்கோ பார்த்துக்கொண்டு சொல்வாள்: "அச்சு ரொம்பிடுச்சிப்பா."