திறக்கக் கூடாத லேப்டாப்

“போன் போட்டுக்கினே இருக்கேன் மேடம், ஆதிநாராயணன் சார் எடுக்கவே மாட்றாரு!”

சசிகுமார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த இரும்பு வார்ப்படக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து காலையில் வந்து பார்த்தால், சர்வரில் தரச் சோதனை ரிப்போர்ட்டுகள் இருந்த ஃபோல்டர் சுத்தமாகக் காலி.

“சர்வர்ல போனா என்ன? அவங்கவங்க லேப்டாப்ல ஒரு காப்பி இருக்குமே?” என்றாள் மேனேஜர் கல்பனா.

“இருந்துச்சு மேடம். சர்வர்ல இன்னா இருக்கோ அதேதான் லேப்டாப்லயும் இருக்கணும்னு நாமதானே செட் பண்ணி வெச்சிருக்கோம்? காலைல வந்தாங்க, கனெக்ட் ஆச்சு. சர்வர் காலின்னதும் அவங்களுதும் காலி.”

“பேக்கப்?”

“அந்த டிஸ்க் செத்துப்போய் எவ்ளோ நாளாச்சு! புதுசு கேட்டேன். அப்புறம் பார்க்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க.”

கல்பனா அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. “யார் அழிச்சது?”

“அத்த அப்புறம் தேடலாம் மேடம். இப்ப காப்பி வேணும்.”

மதியம் பூனாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். போன வருஷத்து ரிப்போர்ட்டுகளைக் காட்டினால் புது ஆர்டர் கிடைக்கும். காட்டாவிட்டால் இருக்கிற ஆர்டரும் போய்விடும்.

“அவங்க முன்னாடி நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன்னா, நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம் சசி” என்றாள் கல்பனா. குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை டிஸ்பாட்ச் ஆபீசர் ஆதிநாராயணன். ஊத்துக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். லேப்டாப்பை நெட்வொர்க்கில் இணைப்பது என்றாலே அவருக்கு வேப்பங்காய். ‘வாரத்துக்கு ஒரு தபாவாச்சும் கனெக்ட் பண்ணுங்க சார்’ என்று சசி கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான். விடுமுறைக்கு முன்புகூட, எப்படிச் செய்வது என்று வாட்ஸப்பில் எழுதி அனுப்பி, போனிலும் நன்றாகத் திட்டினான். மனிதர் மசிந்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்தப் பிடிவாதம்தான் அவனைக் காப்பாற்ற வேண்டும்.

“சர்வர் கேபிளைப் புடுங்கிட்டேன் மேடம். இனிமே அவரு தொறந்தாலும் ஒண்ணும் ஆவாது. ஆனா அதுக்கு முன்னாடியே ஊட்ல நெட் போட்டுத் தொறந்திருந்தாருன்னா? இன்டர்நெட்லயே கனெக்ட் ஆயிடும். அதுவும் காலியாயிடும்.”

“இங்க நின்னு என்கிட்ட சொல்லிட்டிருந்தா ஆச்சா? போ!”

சசி பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் பறந்தான். நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மறந்துபோய் அங்கேயே வைத்தான். வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி எட்டிப் பார்த்ததில் ஒரு கண்டக்டர், “ஏறுறியா, எறங்குறியா? முடிவு பண்ணிக்கினு வாய்யா!” என்று எரிந்து விழுந்தார். திறந்திருப்பாரோ? காலையில் நியூஸ் பார்க்கிறேன் என்று திறந்து தொலைத்திருப்பாரோ?

கடைசியில் ஒரு பஸ்ஸின் பின்வாசல் வழியாக, தோளில் லேப்டாப் பையோடு நிதானமாக இறங்கினார் ஆதிநாராயணன்.

“சார்! இன்னிக்குக் காலைல லேப்டாப்பத் தொறந்தீங்களா?”

“இன்னா நைனா, வந்ததும் வராததுமா போலீஸ் மாதிரி கேக்குற?”

“தொறந்தீங்களா இல்லியா, அத்தச் சொல்லுங்க சார்!”

“தொடவே இல்லப்பா. பூஜைல வெச்சது, அப்டியே பைல போட்டு எடுத்தாந்துட்டேன்.”

“நேத்து?”

“நேத்தும் இல்ல. பூஜை அன்னிக்கு ஆரமிச்சு அது பக்கமே போவல.”

சசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடு ரோட்டிலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கல்பனாவுக்குப் போன் போட்டு, “பொழைச்சோம் மேடம்!” என்று கத்தினான்.

“இன்னாத்துக்கு நைனா இவ்ளோ சந்தோஷம்?”

“சர்வர்ல இருந்த ரிப்போர்ட் எல்லாம் போயிடுச்சு சார். மத்தவங்க லேப்டாப்லயும் போயிடுச்சு. நீங்க மட்டும்தான் கனெக்ட் பண்ணாம இருந்தீங்க. உங்கள எவ்ளோ பேஜார் பண்ணிருப்பேன்! மன்னிச்சிடுங்க சார். நீங்க என் பேச்சக் கேக்காததாலதான் என் வேலை தப்பிச்சுது.”

ஆதிநாராயணனின் முகம் வாடிவிட்டது. ஏதோ தன்மேல் பெரிய பழி விழுந்துவிட்டது போல அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார்.

“கேக்கலன்னு யாரு சொன்னது? பூஜைக்கு மொத நாளு, ஆபீஸ்ல அல்லாரும் போனப்புறம் கனெக்ட் பண்ணேனே! ஊடெல்லாம் சுத்தம் பண்றமே, இதையும் பண்ணலாம்னு உள்ள இருந்த பழைய பைலையெல்லாம் ஒண்ணு விடாம அழிச்சுட்டு, அப்புறந்தான் நீ எழுதி அனுப்புன மாதிரியே பண்ணேன். ‘லேப்டாப்ல இருக்கறத வெச்சுக்கறதா, சர்வர்ல இருக்கறத வெச்சுக்கறதா’ன்னு அதுவே கேட்டுச்சு நைனா. நம்மளுதுதான் சுத்தமா இருக்குதேன்னு லேப்டாப்பையே அமுக்கி உட்டேன்.”