மணி அடித்தால் பேருந்துக்கு

சைரன் ஒரு தடவை இருமியது. அப்புறம் மூச்சில்லை.

அவள் பேருந்துப் படியருகே நின்றாள். சேலைக்கு மேல் மாட்டியிருந்த பச்சைச் சட்டையில் 'தன்னார்வலர்' என்று எழுதியிருந்தது. காற்று வீசும்போதெல்லாம் அது குடையாக விரிந்து மானத்தை வாங்கியது.

சாலையில் ஆறு பேருந்துகள் நின்றன. எதிர்ப்பக்கம், அலைக்கு அருகில், அணு உலையின் கும்மட்டங்கள். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகிவிட்டால் எப்படிக் கிளம்புவது என்று ஊர் பழகிக்கொள்ளும் நாள் அது.

"மாதா கோயில் மணியை அடிக்கச் சொல்லுங்கம்மா," என்றார் ஒத்திகை நடத்த வந்த அதிகாரி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மணி விடாம அடிச்சா கடல்ல யாரையோ காணலைன்னுல்லா அர்த்தம். சனம் கடக்கரைக்குத்தான் ஓடும் சார்."

"மூணு கூட்டம் போட்டுச் சொல்லியாச்சேம்மா."

சொல்லியாச்சுதான். பூசை முடிந்ததும் சொன்னார்கள். சுவரில் ஒட்டினார்கள். ஊரே தலையை ஆட்டியது. ஆட்டுகிற தலை வேறு, ஓடுகிற கால் வேறு. கூட்டம் போடுகிறவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

கோயிலில் மணியடிக்கும் சந்தியாகு கயிற்றை இழுத்தார்.

அடுப்பை அணைக்காமல், தலையை முடியாமல், பெண்கள் வாசலுக்குப் பாய்ந்தார்கள். ஒருத்திகூடச் சாலைப் பக்கம் வரவில்லை. நேரே கடலுக்கு. எந்தப் பக்கம் போகவே கூடாது என்று படம் வரைந்து கொடுத்திருந்தார்களோ, அந்தப் பக்கம்.

எல்லோருக்கும் முன்னால் அவள் மகள் அக்சிலியா. எட்டு வயது. விடியலில் வள்ளம் ஏறிய அப்பா இன்னும் திரும்பவில்லை.

அவளும் பின்னால் ஓடினாள். இது நிஜமான நாளாக இருந்திருந்தால்?

பிள்ளை நுரையில் நின்று கடலைத் துழாவிக்கொண்டிருந்தது. அவள் அதன் முன்னால் மண்டியிட்டாள்.

"அப்பாவுக்கு வயர்லெஸ்ல சொல்லிருவாவ. அவரு வேற ஊர்ல போயி கரையேறுவாரு. மணி அடிச்சா நீ பஸ்ஸுக்கு ஓடணும். கேட்டியா?"

"நீ?"

"நானும்தாம்ளா."

ஒவ்வொருத்தியாகப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். சிலரிடம் கெஞ்சினாள். சிலரைத் திட்டினாள். பச்சைச் சட்டை போட்டதும் கலெக்டர் ஆகிவிட்டாளாம், சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவள் விடுவதாக இல்லை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊருக்குப் போக வேண்டுமாம். எல்லோரும் கூடினார்கள் என்று எழுதிக்கொள்கிறாராம்.

"எங்க கூடினோம்னும் எழுதுங்க," என்றாள்.

அவர் பேனாவை மூடி, சந்தியாகுவுக்குக் கை காட்டினார்.

சனம் வீடு திரும்பியதும், இரண்டாவது முறை மணி.

கதவுகள் திறந்தன. கால்கள் கடல் பக்கம் ஓரடி வைத்தன. நின்றன. திரும்பின. ஒருத்தி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சாலைக்கு ஓடினாள்.

அக்சிலியா செருப்புகூட மாட்டாமல் ஓடிவந்து பேருந்தில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்தது.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இனி கடைசித் தெருவைப் பார்த்துவர வேண்டும். யாரும் விட்டுப்போகக் கூடாது. அது அவள் பொறுப்பு.

முதல் வீடு பூட்டியிருந்தது. அடுத்ததும் பூட்டியிருந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

விடாமல்.

அது நின்றபோது, தூரத்தில் ஒலிபெருக்கியில் அதிகாரியின் குரல் கேட்டது. பன்னிரண்டு நிமிடம். எல்லோரும் ஏறியாகிவிட்டது. பாராட்டுகள்.

அவள் சேலைக்கரை கணுக்காலில் ஈரமாக ஒட்டியது.

குனிந்து பார்த்தாள். அலை.

எப்போது இங்கே வந்தாள்?

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை பச்சைச் சட்டையைப் பற்றியிருந்தது.

பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்திருந்தது. அவளை மட்டும் பார்த்தது.

அவள் அந்தக் கையை இறுகப் பிடித்தாள். கடலுக்கு முதுகைக் காட்டி மணல்மேட்டில் ஏறினாள்.

கோயில் வாசலில் சந்தியாகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, சுருட்டாதீங்க," என்றாள். "இன்னொருக்கா அடிங்க."