போனவர்களின் அறைகள்

தம்பியின் விடுதி ஈயாடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, விருந்தினரின் ஃபோன் எண்ணை மட்டும் மாற்றினால், காலியாக விட்ட பெயர்க்கட்டம் பழைய பெயரையும் கணினியில் அழித்துவிடும். மென்பொருள் எழுதும் அக்கா வந்து ஒரே வரியில் அதை அடக்கினாள்.

"இனிமே கட்டம் காலியா வந்தா, பழைய பேரு அப்படியே இருக்கும்டா."

ஒரு வாரம் கழித்துத் தம்பி கூப்பிட்டான். "அக்கா, ரூமைக் காலி பண்ணினவங்க பேரை அழிச்சு கட்டத்தைக் காலியா விட்டாலும் போகமாட்டேங்குது. எல்லா ரூமும் ஃபுல்லுன்னு காட்டுது."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, அதை யோசிக்கலையே! இரு, மாத்திடறேன்."

"கை வைக்காதே! புதுசா ஒருத்தரும் வரலை, ஆனா மாடி பூரா பூட்டின கதவுக்கு வெளியே செருப்பு கிடக்கு. எல்லா ரூம்லயும் டீ கேக்கறாங்க."

சிரித்துக்கொண்டே, 'அறை காலி இல்லை' பலகையைத் தூசி தட்டி முதன்முறையாக வாசலில் மாட்டினான். பூட்டிய அறைகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது.