ஒன்றரை மடங்கு பாரம்

"இறக்கை ஒடிஞ்சு விழுந்ததுக்கு நீங்க எல்லாரும் நின்னு கை தட்டினீங்களாமே! வெக்கமா இல்ல?"

அவர் இன்னும் ஒரு ஷூவைத்தான் கழற்றியிருந்தார், அதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"விழல. ஒடிஞ்சுது."

"ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் இருபத்தாறு வருஷமாக அவருக்குச் சம்பளம். புது விமானத்தின் இறக்கையில் ஆயிரக்கணக்கில் சென்சார் ஒட்டி, அதை மேலே இழுத்து வளைக்கும்போது எந்த இடம் எவ்வளவு நோகிறது என்று பார்ப்பது அவர் வேலை. தலைமுடி கனத்துக்கு விரிசல் விட்டாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில் மட்டும், மூக்குக்கு நேரே இருக்கும் உப்பு டப்பா தெரியாது.

காலை பத்து மணிக்கு இறக்கை ஒடிந்த சத்தம் குடியிருப்பு வரைக்கும் கேட்டிருக்கிறது. பத்தே காலுக்கு எதிர்வீட்டு டீச்சர் காரணம் கண்டுபிடித்துவிட்டாள். பதினொன்றுக்கு உறவு முழுக்கத் தெரிந்துவிட்டது.

"இதோ பாரு, அது ஆள் ஏத்தற விமானமே இல்ல. ஒடிச்சுப் பார்க்கறதுக்குன்னே செஞ்சது. எவ்வளவு பெரிய புயல்லயும் வரக்கூடிய பாரம் எவ்வளவோ, அதைப் போல ஒன்றரை மடங்கு ஏத்தினோம். தாங்கிச்சு. இன்னும் ஏத்தினோம், ஒடிஞ்சுது. அதான் கை தட்டினோம்."

"நல்லா இருக்கு கதை! விரிசலைப் பெயின்ட் அடிச்சு மூடிட்டு, எங்க பிளேன் தங்கம்னு விப்பீங்க. நம்பி ஏறி உக்காந்தவ கதி?"

"விரிசல் இருந்தா அன்னிக்கே எழுதி வெக்கணும். மறைச்சவனை மறுநாள் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"நெருப்பில்லாமலா புகையும்? நான் நம்ம பொண்ணை இப்ப வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

இரண்டாவது ஷூ அவர் கையிலேயே நின்றது.

"அவ வர்றதா இருந்தாளா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சும்மா, லீவுக்கு. மாப்பிள்ளை இல்லாம தனியா. அவளே பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இந்த நேரத்துல அலைச்சல் எதுக்கு?"

"அதுக்கும் இந்த விமானத்துக்கும் என்னடி சம்பந்தம்? இந்த மாடல் ஆள் ஏத்த இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். இதுல அவ எப்படி வருவா?"

"பிளேன்னா எல்லாம் பிளேன்தான். இது ஒடிஞ்சா அது ஒடியாதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கு வேலையிடத்தில் சொன்னால் உருண்டு புரண்டு சிரிப்பார்கள்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்றது?"

"யாரு சொல்லல? உலகமே சொல்லுது. இந்தாங்க, நீங்களே பாருங்க!"

செல்போனை அவர் கையில் திணித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

குடும்பக் குழு. முப்பத்திரண்டு பேர். வேலை விஷயத்தை நோண்டி நோண்டிக் கேட்கிறார்கள் என்று அவர் எப்போதோ அதிலிருந்து விலகிவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

டெய்லர் சித்தி எழுதியிருந்தாள்: "எங்கயோ தையல் விட்டிருக்கும்."

பல் டாக்டர் மச்சான்: "வேர் வரைக்கும் போயிருந்தா பிடுங்கறதைத் தவிர வழியில்லை."

அவருடைய சொந்தத் தங்கை: "அண்ணன் வாயைத் திறக்க மாட்டேங்குது. அதுலயே தெரியலையா?"

சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார். கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது.

சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது.

"போதும், குடுங்க இங்க." ஈரக்கையை நீட்டிக்கொண்டே ஓடிவந்தாள்.

அவர் கொடுக்கவில்லை.

மகள் எழுதியிருந்தாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. அதற்கு அடுத்த வரி சித்தப்பாவுடையது: "ஒடிஞ்சது இடது இறக்கையா, வலது இறக்கையா?" அந்தக் கேள்விக்குப் பத்தொன்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். மகளுக்கு ஒருத்தர்கூடப் போடவில்லை. பார்க்காமல் இல்லை, அந்தப் பத்தொன்பது பேரும் அதைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள்.

அவர் உரக்கப் படித்தார்.

"அம்மா, நீ போனை எடுக்கலைன்னுதான் இங்க எழுதறேன். நான் வரப்போற பிளேன் அது இல்லைன்னு உனக்கே தெரியும். முதல்ல, நாலு பேர் என்ன சொல்வாங்க, பொறுத்துக்கோன்னே. போன மாசம், வீட்டுல பெயின்ட் அடிக்கிறோம், அப்புறம் வான்னே. இப்ப இறக்கைங்கறே. கைக்கட்டு நேத்துதான் பிரிச்சாங்க. அப்பாகிட்டயாவது உண்மையைச் சொல்லும்மா. நான் விழல."

அவர் நிறுத்தினார். அவளைப் பார்த்தார். அவள் சமையலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, கடைசி வரியை அவர் இரண்டு தடவை படித்தார்.

"யாராவது ஒரு டிக்கெட் எடுத்து அனுப்புங்களேன். என் கார்டும் அவர்கிட்டதான் இருக்கு."