ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றிய கேள்வி

மேடையில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், ஓரமாக.

ரொஹெலியோ ஸ்பானிஷில் பேசுவார். நிறுத்துவார். அவள் தமிழில் சொல்வாள்.

அவர் பராகுவே நாட்டு நாவலாசிரியர். பராகுவே எங்கே இருக்கிறது என்று அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்குக் கால்பந்து புண்ணியத்தில் தெரியும். அவருடைய நாவல் ஸ்பானிஷிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்திருக்கிறது. அட்டையில் அவர் பெயர். அதற்குக் கீழே, ஏறக்குறைய அதே பருமனில், 'தமிழில்: கவிஞர் எழிற்கோவன்'.

எழிற்கோவனுக்கு ஸ்பானிஷில் ஒரு வார்த்தை தெரியும். கிராசியாஸ். நன்றி என்று அர்த்தம். அதையும் இன்று காலை காரில் வரும்போது அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

நான்கு வருடம் உட்கார்ந்து மொழிபெயர்த்தவள் அவள்.

"உங்க பேரு யாருக்கும்மா தெரியும்? ஐயா பேர்ல வந்தா நாலு பேர் கையில எடுத்துப் பாப்பாங்க. உள்ள உங்களுக்கு நன்றி போட்டுடலாம்" என்றார் பதிப்பாளர்.

போட்டார். அச்சகத்துக்கும் அட்டை ஓவியருக்கும் பிறகு, 'மற்றும் உதவிய நண்பர்கள்'.

நாவலாசிரியருக்குச் சந்தேகம் கேட்டு அவள் எழுதிய கடிதங்களும் ஐயா பெயரில்தான் போயின. புத்தகம் வந்தால் போதும் என்று அவளும் தலையாட்டினாள். அப்படித் தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

காலையில் ஹோட்டலில் ரொஹெலியோ கவிஞரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மடமடவென்று பேசினார். கவிஞர் விழித்தார். பதிப்பாளர் அவளை இடித்து, "ஐயாவுக்குப் படிக்க வரும், பேச வராதுன்னு சொல்லிடும்மா" என்றார்.

அந்தப் பொய்யையும் அவள்தான் நல்ல ஸ்பானிஷில் சொன்னாள்.

இப்போது ரொஹெலியோ கவிஞரைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"என்னைப் பல மொழிகளில் பெயர்த்திருக்கிறார்கள். யாரும் என்னிடம் நூற்று நாற்பது கேள்விகள் கேட்டதில்லை."

அவள் சொன்னாள். அரங்கம் சிரித்தது. கவிஞர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

ரொஹெலியோ குரலைத் தாழ்த்தினார். ஒன்பதாம் அத்தியாயம் என்றார்.

அவள் தமிழில் சொல்ல இடம் விடாமல் பேசிக்கொண்டே போனார்.

அதில் ஒரு தாயின் கைக்குழந்தை இறந்துபோகிறது. மறுநாளே அவளுக்குப் பால் வற்றிவிட்டதாக எழுதியிருந்தேன். இவர் கேட்டு எழுதினார். மறுநாளே எப்படி வற்றும்? பால் கட்டிக்கொள்ளாதா? காய்ச்சல் வராதா? எங்கள் ஊரில் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள், அப்படியும் நிற்பதற்கு எட்டு நாள் ஆகும், தினமும் பூ மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை எழுதிய மதியம் அவள் பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்திவிட்டேன் என்றார் ரொஹெலியோ. பிறகு கவிஞரை நோக்கி நன்றாகத் திரும்பி நின்றார்.

உங்கள் வீட்டில் ஒரு குழந்தை இறந்திருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தக் குழந்தைக்காகவும் அதைப் பெற்றவளுக்காகவும் இன்று உங்கள் முன் தலை வணங்குகிறேன்.

வணங்கினார். குனிந்தபடியே நின்றார்.

அரங்கம் அவளைப் பார்த்தது.

கவிஞரும் அவளைப் பார்த்தார்.

புத்தகத்தைக் கொடுத்தாயிற்று. நான்கு வருடத்தைக் கொடுத்தாயிற்று. இதையும் தூக்கி இந்த மனிதன் மடியில் போட வேண்டுமா? செத்தாலும் மாட்டேன் என்று நினைத்தாள்.

மைக்கை உதட்டருகே கொண்டுபோனாள்.

"கவிஞரின் கேள்விகள் மிகவும் நுட்பமாக இருந்தன என்கிறார்."

கைதட்டல்.

கவிஞர் வாய் நிறையச் சிரித்தார். இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார்.

"கிராசியாஸ்! கிராசியாஸ்!"

ரொஹெலியோ நிமிர்ந்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தார். சற்று அதிகமான நேரம் பார்த்தார். மேஜையில் கிடந்த புத்தகத்தை எடுத்து, படிக்கத் தெரியாத அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

பிறகு ஓரத்து நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

அவள் பார்வையை விலக்கப் பார்த்தாள். முடியவில்லை. அழக்கூடாது, இவர்கள் முன்னால் அழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர் இரண்டடி நடந்து வந்தார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஸ்பானிஷில் கேட்டார்.

குழந்தையின் பெயர் என்ன?

பதினோரு வருடமாக யாரும் அதைக் கேட்டதில்லை. ஏழு மாதமே இருந்துவிட்டுப் போன பிள்ளையின் பெயரை யார் கேட்பார்கள்? வீட்டில் கணவன்கூட அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

"இசைமதி" என்றாள்.

மைக் இன்னும் உதட்டருகேதான் இருந்தது. பெயர் அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய கல்லூரி ஆசிரியரின் கையிலிருந்த தாளில் பதிப்பாளர் பெயர் இருந்தது, கவிஞரின் பட்டங்கள் இருந்தன, மாலை வாங்கித் தந்தவர் பெயர்கூட இருந்தது. அவள் பெயர் இல்லை. யாரிடம் கேட்பது என்று அவ்வளவு நேரமும் சங்கடப்பட்டுக்கொண்டிருந்த மனிதர். விருந்தினரே அவள் பெயரைக் கேட்டுவிட்டார் என்று நினைத்ததும் அவருக்கு நிம்மதி.

"அருமை! இவ்வளவு நேரம் அழகா மொழிபெயர்த்துச் சொன்ன நம்ம சகோதரி இசைமதிக்குப் பலமா ஒரு கைதட்டல் குடுங்க பாப்போம்!"

கொடுத்தார்கள். முன்வரிசை கொடுத்தது, பின்வரிசையும் கொடுத்தது. கவிஞர் தாராளமாகத் தட்டினார். யாரோ ஒரு பெண் அந்தப் பெயரை இன்னொரு முறை உரக்கச் சொல்லிக் கைதட்டினாள்.

அவள் எழுந்து நின்று கும்பிட்டாள்.