புது மோடம்

வீட்டு நெட் இழுத்து இழுத்து நின்றதில் ஜெயராணியின் ஆன்லைன் நேர்காணல் பாதியில் அறுந்தது. வேலையும் கைநழுவியது.

"மோடம் பழசுக்கா. புதுசு போடுங்க, சும்மா பிச்சிக்கும்," என்றான் பக்கத்து வீட்டுச் சேரன்.

சிதம்பரம் மேல வீதியில் புது மோடம் வாங்கி மாட்டினாள். அடுத்த நேர்காணலில் வேலை கிடைத்தது.

ஒரு வாரம் கழித்துச் சேரன் வாடிய முகத்தோடு வந்தான்.

"நெட் எப்படிக்கா?"

"ஜோரா வருதுப்பா. நீ ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"போன்ல சிக்னல் முழுசா காட்டுது, வீடியோ ஓடமாட்டேங்குது. கடலூருக்குப் போயி புது போனே வாங்கிட்டேன். அதுவும் அப்பிடித்தான்."

"அடப் பாவமே!" என்று அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இவனுக்கு என்னாச்சி?" என்றான் கணவன் அன்பரசு.

"அவசரம்னு ஒரு தடவ நம்ம பாஸ்வேர்டு வாங்கினான்ல? அதுலருந்து நம்ம நெட்டுதான். என் இன்டர்வியூ அன்னிக்கும் அதுலதான் மேட்ச் பாத்தான். மோடத்துல யார் யார் சேந்திருக்காங்கன்னு பாத்தப்ப அவன் போன் பேரே காட்டுச்சி. அதான் பழைய மோடத்த அதே வைஃபை பேரு, அதே பாஸ்வேர்டோட அவுங்க செவுத்தோரம் எரிய விட்டிருக்கேன். நெட் ஒயர மட்டும் புடுங்கிட்டேன்."

"பாஸ்வேர்ட மாத்தியிருந்தா போதுமே?"

"மாத்தியிருந்தா அன்னிக்கே விட்டுட்டுப் போயிருப்பான். இப்ப திருடன் யாருகிட்ட போயி கம்ப்ளைண்ட் குடுப்பான்?"